நியூயார்க்கிலிருந்து எட்டு மணி நேரம்

அப்பா ரங்கூன் துறைமுகத்தில் குமாஸ்தா. கப்பலிலிருந்து இறங்கும் பெட்டிகளில் உள்ள எண்களைத் தாளோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அவருடைய வேலை. எனக்கு ஏழு வயதாக இருந்தபோது, கப்பலில் சமையல் வேலை பார்த்த தமிழர் ஒருவர் அவருக்கு அமெரிக்க நாள்காட்டி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். மாதத்துக்கு ஒரு நகரம் என்று பன்னிரண்டு வண்ணப் படங்கள். வெளிநாட்டு சோப்புக் கட்டி ஒன்று வீட்டுக்கு வந்தால் அதைக் கரைக்க மனமில்லாமல் துணிகளுக்கு நடுவே வாசனைக்கு வைத்திருந்த காலம் அது. அப்பா நாள்காட்டியைக் கூடத்துச் சுவரில் மாட்டினார். வருடம் முடிந்த பிறகும் கழற்றவில்லை.

அக்கா என்னைவிட நான்கு வயது மூத்தவள். நாங்கள் இருவரும் அந்தப் பன்னிரண்டு தாள்களை வைத்துத்தான் அமெரிக்காவைக் கட்டிக்கொண்டோம். அந்த நாட்டில் மொத்தமே பன்னிரண்டு ஊர்கள்தான் என்று நம்பினோம். ஜனவரித் தாளில் இருந்த நியூயார்க் இரவில் எடுத்த படம். ஆயிரம் ஜன்னல்களில் விளக்கு எரிந்தது. நமக்குப் பகலாக இருக்கும்போது அமெரிக்காவில் இரவு என்று அப்பா ஒருமுறை சொல்லியிருந்தார். நாங்கள் படத்தைப் பார்ப்பது எப்போதும் பகலில். ஆகவே நியூயார்க்கில் எப்போதும் இரவுதான் என்று முடிவு செய்தேன். அங்கே பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு டார்ச் விளக்கோடு போவார்கள் என்று வகுப்பில் சொல்லி அடியும் வாங்கினேன்.

அக்காவின் தவறு வேறு மாதிரி. ரங்கூனைச் சுற்றி வரும் வட்ட ரயிலில் நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன அல்லவா, அமெரிக்க நகரங்களும் அப்படித்தான் வருகின்றன என்று அவள் எண்ணியிருந்தாள். நியூயார்க்கை அடுத்தது சிகாகோ, அதை அடுத்தது வாஷிங்டன். ஜனவரியில் ஏறினால் டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் இறங்கி, அங்கேயிருந்து மறுபடியும் நியூயார்க்குக்கே வந்து சேரலாம். பிறகு பள்ளிக்கூடத்து உலகப்படப் புத்தகத்தில் அமெரிக்காவைப் பார்த்தபோது, கீழ் மூலையில் ஒரு சிறு கட்டத்துக்குள் அலாஸ்காவும் ஹவாயும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. இடமில்லாததால் அங்கே போட்டிருக்கிறார்கள் என்று ஆசிரியர் சொல்லவில்லை. அலாஸ்கா தெற்குக் கடலில் இருக்கும் வெயில் தீவு என்றுதான் அக்கா வெகுநாள் சாதித்தாள்.

அந்த அக்கா வளர்ந்து ஆரம்பப் பள்ளி ஆசிரியை ஆனாள். நான் அஞ்சல் வழியில் ஆங்கிலம் படித்துவிட்டு, ரங்கூனின் கடைத்தெருவான பபேடானில் மாடிப்படிக்குக் கீழே உள்ள ஒரு மொழிபெயர்ப்புக் கடையில் மேசை போட்டு உட்கார்ந்தேன். முதலில் தட்டச்சு இயந்திரம், பிறகு கணினி. பர்மியில் இருக்கும் குடும்பப் பட்டியல், பிறப்புச் சான்று, கல்யாணச் சான்று, எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் ஆக்கித் தருவது என் தொழில். ஒரு பக்கம் பிரியாணிக் கடை, மறுபக்கம் மூக்குக் கண்ணாடிக் கடை. வெளிநாடு போகிறவர்கள், போன பிள்ளைகளுக்குக் காகிதம் அனுப்புகிறவர்கள் என்று நாளெல்லாம் ஆட்கள் வந்துகொண்டிருப்பார்கள். அமெரிக்காவின் நிஜமான பூகோளத்தை நான் அந்த மேசையில், மற்றவர்களுடைய பிள்ளைகளின் முகவரிகளிலிருந்து கற்றுக்கொண்டேன்.

ஓர் அம்மாவுக்கு இரண்டு மகன்கள், இருவரும் கான்சாஸ் சிட்டியில். ஒருவனுடைய முகவரி கான்சாஸ் மாநிலத்திலும் இன்னொருவனுடையது மிசௌரி மாநிலத்திலும் இருந்தன. பிள்ளைகள் சண்டை போட்டுப் பிரிந்துவிட்டார்கள், அதைத் தன்னிடம் மறைக்கிறார்கள் என்று அந்த அம்மா அழுதுகொண்டே வந்தார். ஒரே பெயரில் இரண்டு ஊர்கள், நடுவே மாநில எல்லை ஓடுகிறது, பெரிய ஊர் கான்சாஸிலேயே இல்லை, மிசௌரியில்தான் இருக்கிறது என்று வரைபடத்தைத் திறந்து காட்டினேன். "ஒரு தெருவைத் தாண்டினா வேற மாநிலமா?" என்று கேட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

இன்னொரு பெரியவரின் மகள் போர்ட்லாண்டில் இருந்தாள். தினமும் கைபேசியில் அந்த ஊரின் வானிலையைப் பார்ப்பாராம். நான் அஞ்சல் எண்ணைப் பார்த்தேன். பூஜ்யத்தில் தொடங்கினால் அது கிழக்குக் கடலோரம். ஒன்பதில் தொடங்கினால் மேற்கு. அவளுடையது பூஜ்யம். அவர் மூன்று வருடமாக வேறொரு போர்ட்லாண்டின் மழையைப் பார்த்துக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துச் சொன்னேன். அவர் கைபேசியை நீட்டி, ஊரை மாற்றித் தரச் சொன்னார். பிறகு, "அப்ப எம் பொண்ணு ஊர்ல பனி பெஞ்ச அன்னைக்கு நான் சந்தோஷமா இருந்திருக்கேன்," என்றார்.

இப்படி எத்தனையோ தெரிந்துகொண்டேன். டெட்ராய்ட்டிலிருந்து ஆற்றைத் தாண்டித் தெற்கே போனால் கனடா வரும். பாலைவனத்துக்குள் இருக்கும் ரீனோ, கடற்கரையில் இருக்கும் லாஸ் ஏஞ்சல்ஸுக்கு மேற்கே இருக்கிறது. ஆரிகன் மாநிலத்தில் மெட்ராஸ் என்று ஒரு சிறிய ஊர் உண்டு. ஒரு துணிச் சுருளில் இருந்த பெயரைப் பார்த்து வைத்தார்கள் என்கிறார்கள். சாயங்காலம் தின்கன்ஜூன் வீட்டுக்குத் திரும்பியதும் இவற்றை அக்காவிடம் சொல்வேன். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அக்கா, அத்தான், அவர்கள் மகன், நான் என்று நாலு பேரும் ஒரே வீட்டில் இருந்தோம். அக்கா ஒவ்வொன்றையும் உலகப்படத்தில் சரிபார்த்த பிறகுதான் நம்புவாள்.

பெருந்தொற்றின் மோசமான மழைக்காலத்தில், ஆக்சிஜன் கிடைக்காமல் அத்தான் போய்விட்டார். அதற்குச் சில மாதம் முன்பே, ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது வேலைக்குப் போக மறுத்த ஆசிரியர்களில் அக்காவும் ஒருத்தி. அதனால் அரசாங்கப் பள்ளியும் போயிற்று. வீட்டுக் கூடத்தில் பாய் விரித்துத் தெருப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள்.

அமெரிக்கா வருடந்தோறும் குலுக்கல் முறையில் சிலருக்குக் குடியேறும் விசா தருகிறது. என் மேசையில் அதற்கு எத்தனையோ பேருக்கு மனு நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். ஓர் ஆண்டு, கடையில் ஆள் இல்லாத மத்தியான நேரத்தில், அக்காவின் பெயரிலும் ஒன்று நிரப்பினேன். அவளிடம் கேட்கவில்லை. அவளுடைய புகைப்படம் என் கணினியில் இருந்தது. மற்ற விவரங்கள் எனக்கு மனப்பாடம். மகனையும் சேர்த்து எழுதினேன். இருபத்தோரு வயதுக்கு உட்பட்ட பிள்ளை தாயோடு போகலாம் என்பது விதி. அவனுக்கு அப்போது பதினெட்டு முடிந்திருந்தது. எழுதிவிட்டு மறந்தும் போனேன்.

அதன் பிறகுதான் கட்டாயப் படைச் சேவைச் சட்டம் வந்தது. பதினெட்டு முதல் முப்பத்தைந்து வரை உள்ள ஆண்கள் எல்லாரும் பட்டியலுக்குள் வந்தார்கள். எங்கள் வட்ட அலுவலகத்தில் பெயர்களைச் சேகரித்தார்கள். தெருவில் இருந்த வாலிபர்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள். சிலர் தாய்லாந்துக்கு, சிலர் எங்கே என்று வீட்டாரே சொல்லவில்லை. அந்த நேரத்தில் குலுக்கல் முடிவு வெளிவந்தது. நான் வழக்கம்போல வாடிக்கையாளர்களின் எண்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, கடைசியில் அக்காவின் எண்ணையும் போட்டேன். அவளுடைய பெயர் விழுந்திருந்தது.

அன்று கடையைச் சீக்கிரமே பூட்டிவிட்டுப் பஸ் ஏறி வீடு திரும்பினேன். அக்கா பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் போகும்வரை காத்திருந்து சொன்னேன்.

"என்னைக் கேக்காம ஏன்டா போட்டே?" என்றாள் அக்கா.

"கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பே."

அவள் கொஞ்ச நேரம் சுண்ணாம்புக் கட்டியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தாள். பிறகு, "பிள்ளையும் வரலாமா?" என்றாள். வரலாம் என்றேன். அவ்வளவுதான் கேட்டாள்.

குடியேறுகிறவர்களுக்கு அங்கே ஒரு முகவரி வேண்டும். அக்காவோடு முன்பு ஒரே பள்ளியில் வேலை பார்த்த பர்மியத் தோழி ஒருத்தி, பல வருடம் முன்பு அகதியாகப் போய் அங்கே குடியுரிமை பெற்றிருந்தாள். தொலைபேசியில் பேசும்போதெல்லாம் தான் நியூயார்க்கில் இருப்பதாகச் சொல்வாள். அக்கா அவளிடம் கேட்டதும் உடனே சம்மதித்து முகவரியை அனுப்பினாள். நான் படித்துப் பார்த்தேன். பஃபலோ, நியூயார்க்.

அக்காவின் மகன் தமிழைப் புரிந்துகொள்வான். பதில் பெரும்பாலும் பர்மியில்தான் வரும். அன்று அவன் கைபேசியில் வரைபடத்தைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தான். தமிழிலேயே சொன்னான்:

"அம்மா, இது நியூயார்க் இல்ல. நியூயார்க்ங்கிற மாநிலத்துல இருக்குற எருமை ஊரு. நியூயார்க் ஊர்லேர்ந்து பஸ்ல எட்டு மணி நேரம்."

"பொய் சொல்லாதே. அவ நியூயார்க்னுதானே சொன்னா?"

"மாமாகிட்ட கேளு."

நான் தலையாட்டினேன். அக்காவின் முகம் சுருங்கிவிட்டது. ஐம்பத்து நான்கு வயதில், புருஷனைப் பறிகொடுத்து, வேலையை இழந்து, மகனை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் இருந்த பெண், தான் போகப்போகும் ஊரில் அந்த ஆயிரம் ஜன்னல்கள் இல்லை என்பதற்காக வருத்தப்பட்டாள். எனக்கு அது சிரிப்பாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

"அப்ப அங்க என்னதான் இருக்கு?" என்றாள்.

"பனி இருக்கு. பக்கத்துல பெரிய ஏரி இருக்கு. ஆத்துக்கு அந்தாண்ட கனடா," என்றேன். "நம்ம ஊர் ஆளுங்க நெறைய பேர் இருக்காங்க. காலையில திங்க மோஹிங்காகூடக் கிடைக்குமாம்."

நேர்காணலில் எங்கே போகிறீர்கள், ஏன் அந்த ஊர் என்று கேட்பார்கள் என்று யாரோ சொன்னார்கள். அக்கா ஆசிரியை அல்லவா, அதற்கு ஒரு பரீட்சைக்குப் போவதுபோலத் தயாரானாள். பெரிய வெள்ளைத் தாளில் அமெரிக்காவை வரைந்தாள். அலாஸ்காவை இந்த முறை அதன் இடத்தில், மேலே இடது மூலையில் வைத்தாள். வாஷிங்டன் தலைநகரம் கிழக்கில், வாஷிங்டன் மாநிலம் மேற்கில் என்று இரண்டு நிறத்தில் எழுதினாள். தென்னமெரிக்கா, வடஅமெரிக்காவுக்கு நேர் கீழே தொங்கவில்லை, கிட்டத்தட்ட முழுவதும் மயாமிக்குக் கிழக்கே தள்ளிக் கிடக்கிறது என்பதைப் பார்த்து அதிர்ந்துபோனாள். முப்பது வருடம் பிள்ளைகளுக்கு அதைத் தவறாகக் கரும்பலகையில் வரைந்து காட்டியிருக்கிறாளாம்.

"ஹவாயே நமக்கு வடக்கேதான் இருக்காம்டா," என்றாள் ஒருநாள். "அந்த நாட்டு வரைபடத்துல எவ்வளவு தெக்கே போனாலும் ரங்கூன் அளவுக்கு வர முடியல. குளிரு எப்படி இருக்கும்னு பாத்துக்க."

பாடத்துக்கு வரும் பிள்ளைகளுக்கும் அந்தத் தாளைக் காட்டி நடத்தினாள். அந்தச் சில மாதங்கள் எங்கள் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. மருத்துவப் பரிசோதனை, தடுப்பூசிகள், போலீஸ் சான்று என்று ஒவ்வொன்றாக முடிந்தன. எல்லாக் காகிதங்களையும் நானே மொழிபெயர்த்தேன். இருபத்தைந்து வருடத் தொழிலில் ஒரு எழுத்துக்கூடப் பிழையில்லாமல் செய்த வேலை அதுதான் என்று நினைக்கிறேன்.

அந்த இடைவெளியில்தான் நான் செய்யக்கூடாததைச் செய்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மருமகன் என்னோடு தேநீர்க் கடைக்கு வந்தான். குடித்துக்கொண்டிருந்த கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னான்.

"மாமா, ஃப்ரெண்ட்ஸ் ரெண்டு பேர் வர்ற வாரம் மேசோட் போறாங்க. ஆள் பேசியாச்சு. நானும் போயிடவா?"

மேசோட் என்பது தாய்லாந்து எல்லையில் இருக்கும் ஊர். அங்கே போய்விட்டால் கூலி வேலையாவது கிடைக்கும்; யாரும் படைக்குப் பிடிக்க முடியாது. ஆனால் அது திருட்டுப் பயணம்.

"பைத்தியமா உனக்கு?" என்றேன். "களவா எல்லையைத் தாண்டினேன்னு தெரிஞ்சா விசா என்னாகும்? நேர்காணலுக்கு நீ நேர்ல வரணும். இன்னும் கொஞ்ச மாசம். பொறுத்துக்க."

"அதுக்குள்ள என் பேரு வந்துட்டா?"

"வராது. வட்ட அலுவலகத்துல நான் சொல்லி வெச்சிருக்கேன்."

சொல்லி வைத்திருந்தது உண்மை. கேட்டவர் தலையை ஆட்டினார் என்பதும் உண்மை. அதற்கு மேல் என்னிடம் எதுவும் இல்லை. அவன் என்னை நம்பினான். மீதித் தேநீரைக் குடித்துவிட்டு, அம்மாவுக்கு என்று நான்கு இச்சகோய் பொட்டலம் கட்டச் சொன்னான். எண்ணெயில் பொரித்த அந்த மாவுக் குழாய் அவளுக்குப் பிடிக்கும். அந்த நண்பர்கள் இருவரும் போனார்கள். இன்று பாங்காக் பக்கத்தில் ஒரு கட்டட வேலையில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவனின் தாய் எங்கள் தெருவிலேயே இருக்கிறாள். அவளைக் கண்டால் நான் எதிர்ப்பக்கம் போய்விடுகிறேன்.

நேர்காணல் தேதி வந்தது. அதற்குச் சில வாரம் இருக்கும்போது, காலையில் கடை திறந்ததும், கண்ணாடிக் கடைக்காரர் தன் கைபேசியை என் மேசையில் வைத்தார். அமெரிக்காவுக்குள் நுழையக்கூடாத நாட்டுக்காரர்கள் என்று ஒரு பட்டியல். எங்கள் நாட்டின் பெயரும் அதில் இருந்தது. மூன்று தடவை படித்தேன். விதிவிலக்குகளையும் படித்தேன். மற்றவர்களுக்கு அந்த மொழியைப் புரியவைத்துச் சம்பாதித்தவன் நான். எங்களுக்கு வழி இருக்கிறது என்று ஏதாவது ஒரு வாக்கியம் சொல்லுமா என்று தேடினேன். இல்லை.

ஆனால் நேர்காணல் ரத்து என்று கடிதம் எதுவும் வரவில்லை. அக்கா அதைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம்னா வராதேன்னு சொல்லியிருப்பாங்கல்ல?" என்றாள். நானும் ஆமாம் என்றேன்.

அவளும் மகனும் தூதரகத்துக்குள் போனார்கள். அக்கா அத்தான் வாங்கிக் கொடுத்த நீலப் பட்டுச் சேலை கட்டியிருந்தாள். நான் வெளியே, சாலைக்கு எதிர்ப்பக்கம் ஒரு மரத்தடியில் நின்றேன். மழை தூறிக்கொண்டிருந்தது. இரண்டு மணி நேரம் கழித்து வந்தார்கள். மருமகன் கையில் ஒரு காகிதம். அவன் அதை என்னிடம் நீட்டினான். தகுதி இருந்தும் விசா தர இயலாது என்று அச்சடித்திருந்தது.

"நல்ல பொண்ணுடா அது," என்றாள் அக்கா. அதிகாரியைச் சொல்கிறாள். "எங்க போறீங்கன்னு கேட்டுச்சு. பஃபலோ, நியூயார்க் மாநிலத்தோட மேற்கு மூலை, ஏரிக்கரை, நியூயார்க் ஊர்லேர்ந்து எட்டு மணி நேரம்னு சொன்னேன். சிரிச்சுச்சு. 'நீங்க எப்படி இவ்வளவு சரியா சொல்றீங்க, நிறைய பேருக்குத் தெரியாது'ன்னு சொல்லுச்சு. காகிதம் எல்லாம் சரியா இருக்குன்னும் சொல்லுச்சு. அப்புறம் இதைக் குடுத்துச்சு."

பஸ் நிறுத்தம்வரை நடந்தோம். அக்கா சேலைக் கரையைச் சேற்றில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

குலுக்கலில் விழுந்த பெயர் அந்த ஆண்டுக்கு மட்டும்தான் செல்லும். செப்டம்பர் கடைசித் தேதிக்குள் விசா கிடைக்காவிட்டால் அது காலாவதி. அதுவரை தினமும் காலையில் எங்கள் எண்ணைப் போட்டுப் பார்த்தேன். நிராகரிப்பு என்றே வந்தது. அக்டோபர் முதல் தேதி பழக்கத்தில் மறுபடி போட்டேன். அப்புறம் போடவில்லை.

அடுத்த மாதம், நான் சொல்லி வைத்திருந்த வட்ட அலுவலகக்காரர் வீட்டுக்கு வந்தார். அக்காவிடம் சின்ன வயதில் படித்தவர். வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார். ஆசிரியையைக் கூப்பிடும் பர்மியச் சொல்லால்தான் இன்னும் அவளைக் கூப்பிட்டார்.

"ஸயாமா, படைக்கு ஆள் எடுக்க நேத்து சீட்டுக் குலுக்கினாங்க. தம்பி பேரு விழுந்துடுச்சு."

அக்கா அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "யார் எடுத்தா சீட்டை?" என்றாள்.

"பிள்ளைங்களேதான் ஆளுக்கொண்ணா எடுத்தாங்க. வராதவங்களுக்கு நாங்க எடுத்தோம்."

"என் பிள்ளைக்கு யார் எடுத்தா?"

சொல்லி வைத்திருந்ததை நான் நினைவூட்டினேன். "நான் என்னண்ணே பண்ண முடியும், இவ்வளவு பேர் வேணும்னு மேலேர்ந்து வருது," என்றார். ஓடிவிட்டால் குடும்பத் தலைவரைப் பிடிப்பார்கள், குடும்பப் பட்டியலில் ஸயாமாவின் பெயர்தான் முதலில் இருக்கிறது என்று தாழ்ந்த குரலில் சேர்த்துச் சொன்னார். மிரட்டுவதாக அல்ல, எச்சரிப்பதாகத்தான் சொன்னார்.

அவர் போன பிறகு அக்கா மகனிடம் போய்விடச் சொன்னாள். இப்போதே, எந்த வழியிலாவது. நானும் சொன்னேன். ரங்கூன் ஆற்றுக்கு அக்கரையில், த்வாண்டேயில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இருந்தது. கால்வாய்க்கு அப்பால் வயல் வீட்டில் சில நாள் வைத்துக்கொள்வார்கள், பிறகு பார்க்கலாம் என்றேன். அவன் கேட்டுக்கொண்டான். சட்டையின் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தான்.

"அம்மாவைப் பிடிச்சுட்டுப் போனா நீங்க என்ன பண்ணுவீங்க மாமா?" என்றான்.

நான் த்வாண்டே வழியையே மறுபடி சொல்ல ஆரம்பித்தேன்.

"அப்ப சும்மா இருங்க," என்றான். கோபமாகச் சொல்லவில்லை. மேசோட் பேச்சை அவன் அன்றும் எடுக்கவில்லை, பிறகும் எடுக்கவில்லை. எடுத்துத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

அந்த வாரம் வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குப் படை வண்டி வந்தது. எங்கள் வட்டத்திலிருந்து ஆறு பேர். அக்கா அவனுக்கு இரண்டு லுங்கி, ஒரு போர்வை, சோப்பு, காய்ச்சல் மாத்திரை எல்லாம் பையில் வைத்துக் கட்டினாள். நெற்றியில் திருநீறு வைத்துவிட்டாள். மருத்துவப் பரிசோதனையில் வாங்கிய சான்றைப் பார்த்துவிட்டுப் படை முகாமில் ஒருவர், "நல்லது, நெஞ்சு சுத்தமா இருக்கு," என்று சொன்னதாக அவன் பிறகு போனில் சொன்னான். அமெரிக்காவுக்காக எடுத்த சான்று அது. அதை ஏன் கொண்டுபோனான் என்று எனக்குத் தெரியவில்லை. ஏதாவது காரணம் சொல்லித் திருப்பி அனுப்புவார்கள் என்று நினைத்தானோ என்னவோ.

பயிற்சி முடியும்வரை இரண்டு முறை பேசினான். பிறகு வேறு இடத்துக்கு அனுப்பினார்கள். குளிர்காலத்தில் ஒருமுறை யாருடைய கைபேசியிலிருந்தோ அழைத்தான். பின்னால் காற்றுச் சத்தம் அதிகமாக இருந்தது. அக்கா போனை ஒலிபெருக்கியில் போட்டாள்.

"சாப்பிடறியா?"

"சாப்பிடறேன்மா."

"எங்க இருக்கே?"

ஒரு மலையின் பெயரைச் சொன்னான். அப்படித்தான் எங்கள் காதில் விழுந்தது. குளிர்கிறது, போர்வை நல்ல வேளையாக இருந்தது என்றான். மாமாவிடம் கொடு என்றான். நான் பேசுவதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது.

அந்தப் பெயரைத் தேடினோம். அக்கா பள்ளிக்கூட உலகப்படத்தில், நான் கணினியில். பர்மியில் நாலு விதமாக எழுதிப் பார்த்தேன். ஆங்கிலத்தில் ஆறு விதமாக எழுதிப் பார்த்தேன். வடக்கே ஒன்று, மேற்கே கடலோரத்தில் ஒன்று என்று அதே மாதிரி ஒலிக்கும் இரண்டு இடங்கள் கிடைத்தன. ஒன்றுக்கொன்று நூற்றுக்கணக்கான மைல் தூரம். இரண்டிலும் சண்டை நடக்கிறது. எங்கே காற்று அதிகம், எங்கே குளிர் அதிகம் என்று நானும் அக்காவும் வாதாடினோம். அவன் இருப்பது வடக்கே என்று அவள் சொன்னாள். நான் மேற்கு என்றேன். இரண்டு நாள் கழித்து இருவரும் நிறுத்திக்கொண்டோம்.

பஃபலோ தோழி அழைத்தாள். அங்கே மார்பளவு பனி பெய்து, கதவைத் திறக்க முடியவில்லை என்றாள். நான்தான் பேசினேன். அக்கா அடுப்படியிலிருந்து வரவில்லை. தோழிக்கு நடந்ததெல்லாம் தெரியும். என்ன சொல்வது என்று தெரியாமல்தான் பனியைப் பற்றிப் பேசினாள். அடுத்த வருடம் தடை நீங்கினாலும் நீங்கும், மறுபடியும் குலுக்கலில் எழுதிப் போடுங்கள் என்றாள். அவன் இருபத்தொன்றைத் தாண்டிவிடுவான், இனித் தாயோடு சேர்த்து எழுத முடியாது என்று நான் அவளிடம் சொல்லவில்லை.

கடையில் வேலை குறைந்துவிட்டது. ஆனாலும் ஆட்கள் வருகிறார்கள். இந்த நாட்டுக்காரர்களுக்கு எந்த நாடு திறந்திருக்கிறது என்று கேட்கிறார்கள். போன வாரம் கல்யாணமாகி ஒரு மாதமான ஜோடி வந்தது. அமெரிக்கா இப்போது இல்லை என்றேன். "வேற எதுண்ணே?" என்றான் அவன். தெரியவில்லை என்றேன். அவர்கள் எழுந்துபோகாமல் பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்கள். நானும் அவர்களைப் போகச் சொல்லவில்லை.

மலையின் பெயரைச் சொன்ன அந்த அழைப்புக்குப் பிறகு நான்கு மாதமாகிறது. அவன் பேசிய எண்ணுக்கு அழைத்தால் அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று பர்மியில் ஒரு பெண் குரல் சொல்கிறது. அக்கா ஒன்றுவிட்டு ஒரு செவ்வாய்க்கிழமை பஸ் ஏறிப் படைச் சேவை அலுவலகத்துக்குப் போகிறாள். அங்கே இருப்பவர் ஒரு நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இறந்தவர்கள் பட்டியலில் பெயர் இல்லை என்கிறார். எங்கே இருக்கிறான் என்றால் அது தன்னிடம் இல்லை என்கிறார். நானும் ஒருமுறை கூடப் போனேன். அக்கா அவருக்கு நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தாள். பஸ்ஸுக்கு நெடுநேரம் நின்றோம். வந்த பஸ்ஸில் ஒரே ஒரு இடம்தான் இருந்தது. அதில் அவளை உட்காரவைத்துவிட்டு நான் பக்கத்தில் நின்றேன்.